ஜனவரியில் கொடைக்கானல்: அடுப்பில்லாமல் ஆறு நாள் ஓட்டுவது எப்படி?

கேள்வி: வேம்பு, மதுரை

வணக்கம். பொங்கலை ஒட்டிக் கொடைக்கானலில் ஆறு நாள் தங்கப் போகிறோம். நானும் மனைவியும் இயற்கை உணவுக்காரர்கள். தேங்காய், பழம், ஊறவைத்த கடலை, முளைப்பயறு, பச்சைக் காய் என்று வீட்டில் பழகிய சாப்பாடு, அதில் சிக்கல் இல்லை. கூட அம்மாவும் வருகிறார். வயது 65, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அவருக்கு வழக்கமான சமையல்தான், ஆனால் இந்த முறை "எனக்காகத் தனியா அலைய வேண்டாம், நீங்க திங்கிறதையே நானும் தின்னுக்கிறேன்" என்கிறார்.

அறையில் மின்சாரக் கெட்டில் மட்டும் உண்டு. ஃபிரிட்ஜ் கிடையாது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் ஏறி, திரும்பும்போது பழநி வழியாக இறங்குகிறோம்.

எதைக் கீழேயே வாங்கிக்கொண்டு போவது, எதை மேலே வாங்குவது? அந்தக் குளிரில் பயறு முளைக்குமா? ரோட்டோரக் கேரட்டைக் கழுவினால் போதுமா, எதில் கழுவுவது? ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டராவது நடப்போம், பழத்தை மட்டும் வைத்து உடம்பு தாங்குமா?

"ஆறு நாள்தானே, ஓட்டலில் இட்லி சாப்பிடுங்கள்" என்ற பதில் வேண்டாம். அந்த வழி எங்களுக்கும் தெரியும்.

பதில்: பண்ணைக்காட்டான்

முதல்ல ஒன்னு சொல்லிர்றேன். கொடைக்கானல்னா பழ ஊருன்னு நினைச்சு வெறுங்கையோட ஏறிராதீங்க. ஜனவரியில மேல்மலையில பழம் ரொம்பக் கம்மி. ப்ளம்ஸ் மே, ஜூன்ல வரும். பேரிக்காய் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும். பட்டர் ஃப்ரூட் எங்க கீழ்மலைப் பக்கம், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலையில மழை மாசங்கள்லதான் குவியும். ஜனவரியில ஏரிக்கரை வண்டிக்காரர் "கொடைக்கானல் ப்ளம்ஸ்"னு நீட்டினா அது வெளியூர்ச் சரக்கு. விலை மட்டும்தான் நம்ம ஊர்து.

அதனால தேங்காய், வறுக்காத காய்ஞ்ச நிலக்கடலை, பேரீச்சை, எலுமிச்சை, இஞ்சி, கொய்யா, நெல்லிக்காய் இதெல்லாம் மதுரையிலயோ வத்தலக்குண்டுலயோ முடிச்சிருங்க. மேலே போனா வண்டிச் சத்தமும் விலையோட சேர்ந்துரும், பழமும் ரெண்டு கை மாறி அடிபட்டு வந்திருக்கும். கொய்யாவைக் கொஞ்சம் செங்காயாவே எடுங்க, குளிர்ல நாலு நாள் தாராளமா நிக்கும். திராட்சை வேணும்னா கம்பம் பன்னீர் திராட்சை வத்தலக்குண்டுல கிடைக்கும், ஆனா அது நசுங்கற பழம். மடியில வச்சுக்கிட்டுப் போக முடிஞ்சா வாங்குங்க.

வாழையை மட்டும் ஏறுற வழியில வாங்கணும். மலைவாழை, அதாவது விருப்பாச்சி, சிறுமலை ரகங்கள். ரெண்டுக்கும் 2008-லயே புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பெருமாள்மலை, ஊத்து பக்கம் கடைகள்ல தார் தொங்கும். தொலி கறுத்துப் புள்ளி விழுந்து, பார்த்தா அழுகினது மாதிரி இருக்கிறதுதான் சரியான பழம். வெளியூர்க்காரங்க அதை ஒதுக்கிட்டு மஞ்சளாப் பளபளன்னு இருக்கிறதை எடுப்பாங்க, வாயில போட்டா துவர்க்கும்.

இங்கதான் பலபேர் சறுக்குவாங்க. "ரெண்டு நாள்ல பழுத்துரும்"னு பச்சைச் சீப்பை வாங்கி அறையில வைப்பாங்க. வாழை 13 டிகிரிக்குக் கீழே போனா பழுக்கவே பழுக்காது. தொலி சாம்பல் கறுப்பாகும், உள்ளே மாவு மாதிரியே நின்னுரும். ஜனவரி ராத்திரி கொடைக்கானல் அறைக்குள்ளயே பத்து, பன்னெண்டு டிகிரிக்கு வந்துரும். ஏரி ஓரம், பாம்பார்புரம் பக்கம் உறைபனியே விழும். அதனால முக்கால் பழமா இருக்கிறதுக்குக் கீழே எதையும் வாங்காதீங்க. ரெண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் தீரத் தீர வாங்குங்க. தரையில வைக்காம, நாளிதழ்ல சுத்திக் கம்பளித் துணிக்கு நடுவுல வையுங்க.

பட்டர் ஃப்ரூட் தப்பித்தவறி கிடைச்சா காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. விளைஞ்ச காய்ல உள்ளே கொட்டை குலுங்கற சத்தம் நல்லாக் கேட்கும். கேட்காத காய் விளையாததா இருக்கலாம், அது பழுக்காம ரப்பர் மாதிரி சுருங்கிப் போகும். விளைஞ்ச காயைப் பழுத்த வாழைப்பழம் ஒன்னோட சேர்த்துக் காகிதப் பைக்குள்ள கட்டி, பகல் வெயில் படுற ஜன்னல் ஓரம் வைங்க. ராத்திரி போர்வைக்குள்ள. அப்பவும் சமவெளியில மூணு நாள்ல பழுக்கறது அங்க ஒரு வாரம் எடுக்கும். உங்க ஆறு நாளுக்கு, காம்புப் பக்கம் அமுக்கினா லேசா விட்டுக்கொடுக்கிற பழமா மட்டும் வாங்குங்க.

மேலே வாங்க வேண்டியது காய்தான். கேரட், நூக்கல், முள்ளங்கி, பீட்ரூட், பச்சைப் பட்டாணி. ஞாயித்துக்கிழமை சந்தை கூடும், காலையிலயே போயிருங்க, மன்னவனூர், பூம்பாறை, வில்பட்டி சரக்கெல்லாம் வரும். கேரட்டை மண்ணோட இருக்கிறதாக் கேட்டு வாங்குங்க. பளிச்சுன்னு கழுவி அடுக்கினது உராய்ஞ்சு மேல்தோல் கீறியிருக்கும், மூணு நாள்ல வழுவழுன்னு ஆயிரும். மண் கேரட் உங்க ஆறு நாளும் கல்லு மாதிரி இருக்கும். வாங்கின உடனே தழையைக் கிள்ளி எறிஞ்சிருங்க. தழை இருக்கிற வரைக்கும் அது கிழங்குல உள்ள தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

பூம்பாறைப் பூண்டு வாங்கினா பச்சையா ஒரு பல்லுக்கு மேல வேணாம். சாதாரணப் பூண்டை விடக் காரம் அதிகம், வெறும் வயித்துல எரிச்சல் எடுக்கும்.

பதில்: குடுமித்தேங்காய்

மேலே சொன்ன கேரட், நூக்கல் எல்லாம் வாய்க்கு. வயிற்றுக்கு அல்ல. மலையில் பச்சை உணவு தோற்கிற இடம் இதுதான்: காய் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கிறதே என்று அதையே தின்று, மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, ஓட்டல் வாசலில் போய் நிற்பார்கள். 100 கிராம் கேரட்டில் சுமார் 41 கலோரி. ஒரு கிலோவைத் தின்றாலும் 410தான், தாடை வலி தனி. பத்துக் கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்தில் நடப்பவருக்குக் குளிரையும் சேர்த்து 2000 கலோரியாவது உள்ளே போக வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாள் கணக்கு: தேங்காய் அரை மூடி அல்ல, முழுதாக ஒரு மூடி. பருப்பு ஏறக்குறைய 125 கிராம் வரும், 440 கலோரி. பச்சை நிலக்கடலை 75 கிராம், 425. பேரீச்சை 100 கிராம், 280. மலைவாழை எட்டு, சுமார் 500. கொய்யா 300 கிராம், 200. மீதி அரைக் கிலோ காயில் 150, 175 வரும். மொத்தம் இரண்டாயிரத்தைத் தொட்டுவிடும். இதில் தேங்காயும் கடலையும் மட்டுமே 865. அந்த இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை வாழைப்பழத்தால் நிரப்பப் பார்த்தால் நாளைக்கு இருபதுக்கு மேல் உரிக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும் ஆறு நாளைக்குத் தேங்காய் 6, கடலை 900 கிராம், பேரீச்சை 1.2 கிலோ. ஒரு தேங்காயை உடைத்தால் ஆளுக்கொரு மூடி, அன்றே தீர்ந்துவிடும், மிச்சம் வைக்கிற பேச்சே இல்லை. குடுமியோடு உள்ள காயாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணை மூடியிருக்கும் நாரைப் பிய்த்துவிட்டால் அந்த வழியாக ஈரமும் பூசணமும் உள்ளே போகும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் வரவேண்டும், கண்ணில் ஈரக்கசிவு இருக்கக் கூடாது. ஆறு தேங்காய் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும். சுமக்க முடியாது என்றால் மூன்றைக் கொப்பரையாக மாற்றுங்கள். 100 கிராம் கொப்பரையில் 660 கலோரி, அதனால் ஒரு மூடிக்குப் பதில் 65, 70 கிராம் போதும். கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக இருப்பது கந்தகப் புகை போட்டதாக இருக்கலாம். லேசான பழுப்பு நிறத்தில், உடைத்தால் மளுக்கென்று முறிவதை எடுங்கள். பச்சைப் பூசணம் ஒரு ஓரத்தில் இருந்தாலும் முழு மூடியையும் தூக்கி எறியுங்கள். ஓரத்தை மட்டும் சீவினால் போதாது, பூசணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரிகிற கறையோடு நிற்பதில்லை. கடலைக்கும் இதே விதி: சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் ஊறவைக்கும் முன்பே பொறுக்கிவிடுங்கள்.

அறையில் அரிவாள் இருக்காது. முதலில் மெத்தென்ற கண்ணைக் குத்தித் தண்ணீரை டம்ளரில் வடியுங்கள். பிறகு காயை உள்ளங்கையில் வைத்து, நடு வயிற்றுக் கோட்டில் கனமான கத்தியின் முதுகால் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். நான்கைந்து சுற்றில் விரிசல் விடும். தண்ணீரோடு தட்டினால் பாதி தரைக்குப் போகும்.

தேங்காய்ப்பால் குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அங்குள்ள குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் மெழுகுத் துணுக்கு மாதிரி மேலே மிதக்கும், நாக்கில் ஒட்டும், கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கொட்டிவிடுவீர்கள். கெடவில்லை, குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிழியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு பங்கு, இப்போது கொதித்த தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 40 டிகிரிக்கு வரும். வெப்பமானி தேவையில்லை. இயற்கை உணவுக்காரர்கள் வைத்திருக்கும் சூட்டு வரம்புக்கும் இது உள்ளேயே நிற்கும். தேன், எலுமிச்சை, தட்டிய இஞ்சி எதைக் கலப்பதானாலும் இதே கணக்கு. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் இளஞ்சூட்டில் உள்ளே போனால்தான் அதற்கு மேல் குளிர்ந்த பழத்தை வாய் ஏற்கும்.

மலைப்பாதை வளைவுகளுக்கு: பஸ் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், அதுவும் பேரீச்சை, கொஞ்சம் கடலை என்று கெட்டியாக. வயிறு நிறையத் தர்பூசணியும் திராட்சையும் ரொப்பிக்கொண்டு ஏறினால் பாதி மலைக்குள் வெளியே வந்துவிடும். வாயில் ஒரு துண்டு இஞ்சி போதும்.

பதில்: முளைக்கட்டு

முளைப்பயறு பற்றி மட்டும்.

பாசிப்பயறு வெயில் காலப் பயிர். மதுரையில் இரவு ஊறவைத்துக் காலையில் துணியில் கட்டினால் மறுநாள் அரை அங்குல முளை நிற்கும். அதே பயறு 12 டிகிரியில் தண்ணீரை மட்டும் குடித்து உப்பும், முளை விடாது. இரண்டாம் நாள் வழவழப்பு, மூன்றாம் நாள் நாற்றம். தட்டைப்பயறும் உளுந்தும் அப்படித்தான். குளிரில் முளைக்கக்கூடியவை பனிக்காலத்தில் விதைக்கிற பயிர்கள்: கொண்டைக்கடலை, வெந்தயம், கோதுமை. கொண்டைக்கடலையில் சிறிய கறுப்பு ரகத்தை எடுங்கள், பெரிய வெள்ளைக் கடலை ஊறவும் நேரமாகும், வாயுவும் அதிகம்.

ஃபிளாஸ்க் வேண்டாம். சப்பாத்தி வைக்கிற ஹாட்பேக் ஒன்று, இரண்டு லிட்டர் அளவில், எடுத்துப் போங்கள். முதல் முறை மட்டும் இளஞ்சூட்டு நீரில் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். குளிர்ந்த நீரில் போடக் கூடாது. காய்ந்த விதை முதன்முதலில் நீர் குடிக்கும் நேரத்தில் குளிர் பட்டால் அதன் உயிரணுச் சவ்வு கிழியும், பிறகு எவ்வளவு சூடு காட்டினாலும் பலன் இருக்காது. வடித்து, அலசி, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி ஹாட்பேக்கில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர். மூடியை முழுக்க அழுத்தாமல் ஒரு ஓரத்தில் தீக்குச்சி செருகி இடைவெளி விடுங்கள். நான்கைந்து மணிக்கு ஒருமுறை பாட்டில் நீரை மாற்றி, பயறையும் அலசுங்கள். கொண்டைக்கடலை ஒன்றரை நாளில் மூக்கு விடும், வெந்தயம் ஏறக்குறைய இரண்டு நாள்.

புளித்த வாடை வந்தால் மூடி இறுகிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது. அவித்த வாடை வந்தால் பாட்டில் துணியில் ஒட்டி விதை வெந்திருக்கிறது. நூல் நூலாக இழுத்தால் பேசாமல் குப்பையில் போடுங்கள், அலசிச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள்.

இத்தனை பாடு தேவையா என்பது வேறு கேள்வி. ஊர் சுற்றப் போகும் இடத்தில் நான்கு மணிக்கு ஒருமுறை அறைக்கு ஓடி வர முடியாது. ஊறவைத்த நிலக்கடலை இருக்கும்போது முளைப்பயறில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை. கடலையும் அங்கே ஊறப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்குத்தான்.

பதில்: ஆய்வகத்தார்

முளைக்கட்டு கடைசியில் சொன்னதை நான் முதலில் சொல்லியிருப்பேன். முளைப்பயறு பச்சையாகச் சாப்பிடும் பொருள்களில் ஆபத்து கூடியது. சால்மொனெல்லா, ஈ-கோலி கிருமிகள் விதையின் மேல்தோல் வெடிப்புகளுக்குள்ளேயே ஒளிந்து வரும், முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் அவற்றுக்கும் ஏற்றவை. ஹாட்பேக்கில் வைப்பது பயறை எழுப்பும், கிருமியையும் எழுப்பும். எத்தனை முறை அலசினாலும் போகாது. 65 வயதுச் சர்க்கரைக்காரருக்குப் பச்சை முளைப்பயறு கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

கேரட்டுக்கு வருவோம். ரோட்டோரக் கொத்து எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டது, வாடாமல் இருக்க எந்தத் தண்ணீர் தெளிக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. வயலில் போட்ட பச்சைச் சாணம், மனிதக் கழிவு கலந்த ஓடை நீர் இவற்றிலிருந்து வருகிற புழு முட்டைகள் பாக்டீரியாவைப் போல இல்லை. நாடாப்புழு, உருண்டைப் புழு முட்டைகளைக் குளோரின் ஒன்றும் செய்யாது. உப்பு, மஞ்சள் தண்ணீரும் செய்யாது. அவற்றை உடல்வலுவால்தான் அகற்ற வேண்டும், அதாவது தேய்த்து, தோல் சீவி. கேரட்டின் தலைப்பக்கம், தழை ஒட்டியிருந்த குழிக்குள் மண் தங்கும். ஒரு விரற்கடை அளவுக்கு அந்தத் தலையை வெட்டி எறியுங்கள். பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென்றே எடுத்துப் போகலாம்.

முறை இது. மண் போகக் குழாய் நீரில் தேயுங்கள். பிறகு குளோரின்: மணம் சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், லிட்டருக்கு 2 மில்லி. அது சுமார் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு குளோரின் கொடுக்கும். சமவெளியில் ஐந்து நிமிடம், குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாக வேலை செய்வதால் அங்கே பத்து நிமிடம். கடைசியில் கொதித்து ஆறிய நீரில் அலசல். மண்ணோடு குளோரினில் போட்டால் மண்ணே குளோரினைத் தின்றுவிடும், அதனால் வரிசை முக்கியம். அதற்குப் பிறகு தோல் சீவுங்கள். தோலைச் சீவிவிட்டு அழுக்குக் கத்தியாலேயே வெட்டினால் இவ்வளவும் வீண்.

பூச்சிமருந்துக்குத் தனி வேலை. சமையல் சோடா லிட்டருக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன், பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் மேற்பரப்பில் இருக்கும் சில மருந்துகள் சிதையும். உள்ளே இறங்கியது இறங்கியதுதான். சோடாவையும் குளோரினையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். குளோரினோடு எலுமிச்சையோ வினிகரோ கூடவே கூடாது, நச்சு வாயு வரும். ஸ்ட்ராபெரிக்கு இந்த வழிகள் எதுவும் முழுதாக உதவாது. தோல் சீவ முடியாத, மண்ணை ஒட்டிக் காய்க்கிற, மருந்து அதிகம் அடிக்கிற பழம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

தண்ணீர்: 2000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே மூன்று நிமிடம் தொடர்ந்து கொதிக்க விடுவது முறை. கெட்டில் கொதி வந்ததும் தானே அணைந்துவிடும். மூடியைத் திறந்து வைத்தால் பெரும்பாலான கெட்டில்களில் ஆவி உணரியை எட்டாது, தொடர்ந்து கொதிக்கும். பக்கத்திலேயே நின்று கையால் அணையுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை உண்டு, எவர்சில்வர் பாட்டில்கள் கொண்டுபோங்கள்.

பச்சையாக வாயில் வைக்கக் கூடாதவை. பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், ராஜ்மா மூன்றும் அங்கே உரித்த பருப்பாக, பார்க்க அழகாகக் குவித்திருப்பார்கள். பட்டாணியைப் போலத் தின்னலாம் என்று தோன்றும். ராஜ்மா இனத்தில் இருக்கிற லெக்டின் என்ற நச்சுப் புரதம் நான்கைந்து பருப்பிலேயே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியைக் கொடுக்கும். டபுள் பீன்ஸில் சயனைடு விடுவிக்கும் பொருள் உண்டு. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் இவை நீங்கா, நன்றாகக் கொதிக்க வேண்டும். பச்சைப் பட்டாணி தாராளமாகத் தின்னலாம். உருளைக்கிழங்கு வேண்டாம், பச்சை படிந்தது என்றால் சமைத்தும் வேண்டாம். காட்டுக் காளான் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஓடை ஓரங்களில் வாட்டர்கிரெஸ் கீரை படர்ந்திருக்கும், இயற்கை உணவுக்காரர்களுக்குக் கை பரபரக்கும். ஆடு மாடு மேய்கிற ஓடைக் கீரையில் கல்லீரல் தட்டைப்புழுவின் கூடு ஒட்டியிருக்கலாம், அது கழுவினால் விடாது.

வெட்டி மிளகாய்ப்பொடி தூவின மாங்காய், அன்னாசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? பழத்தில் குறை இல்லை. கத்தியும் கையும் தெளித்த தண்ணீரும்தான்.

வேம்பு (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. முளைப்பயறைக் கைவிட்டேன், ஊறவைத்த கடலை போதும். இரண்டு சந்தேகம். அவல் எடுத்துப் போகலாமா, எங்கள் வட்டத்தில் சிலர் அது சமைத்தது என்கிறார்கள். அம்மா விஷயத்தில் என்ன செய்வது?

பதில்: குடுமித்தேங்காய்

அவல் அடுப்பைப் பார்த்ததுதான். நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, இடித்துத் தட்டையாக்குகிறார்கள். வெல்லமும் கருப்பட்டியும் காய்ச்சியவை. கறாராகப் பார்த்தால் மூன்றும் வெளியே. ஆனால் கெட்டி அவல் கால் கிலோ பையில் கிடப்பது நல்லது. பழக்கடை மூடிய இரவில் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேங்காய்த் துருவலோடு சாப்பிட்டால் பசியோடு படுக்க வேண்டாம். கொள்கை ஒருநாள் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய அவல் பையில் பொடியாகிவிடும், கெட்டி ரகமே கேளுங்கள்.

பதில்: ஆய்வகத்தார்

அம்மாவை உங்கள் சாப்பாட்டுக்கு மாற்றாதீர்கள், அதுவும் பயணத்தில். மாத்திரையின் அளவு அவருடைய வழக்கமான சாப்பாட்டுக்குப் பொருத்தி எழுதப்பட்டது. பேரீச்சையும் மலைவாழையுமாகப் போனால் சர்க்கரை சட்டென்று ஏறும். காயும் கொய்யாவுமாகக் குறைத்துக்கொண்டு நடந்தால், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளில் தாழ்சர்க்கரை வந்து மயங்கலாம். மெட்பார்மின் மட்டும் என்றால் தாழும் பயம் குறைவு, ஏறும் பயம் அப்படியே இருக்கும். அவருக்கு மூன்று வேளையும் நேரம் தவறாமல் சமைத்த சாப்பாடு. உங்களோடு உட்காரும்போது ஒரு கொய்யாவும் ஒரு பிடி ஊறிய கடலையும் கொடுங்கள். கையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை இரண்டும் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். கொடைக்கானல் குளிரில் வியர்த்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

அப்புறம் நீங்கள் இருவரும் நெடுங்காலமாக இப்படியே சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12 மாத்திரை எடுக்கிறீர்களா? செடியில் விளைவது எதிலும் அது இல்லை. மலைக்குப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கேட்டு வைத்தேன்.

பதில்: பண்ணைக்காட்டான்

ஒன்னு விட்டுப்போச்சு. வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட பஸ் நின்னா வாழைப்பழப் பையை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலைத் திறக்காதீங்க, குரங்கு பையோட தூக்கிரும். அறையிலயும் அப்படித்தான், துணிப்பையில மணக்க மணக்கப் பழம் இருந்தா பால்கனிக் கதவைத் தாழ் போடுங்க. தோலு, தேங்காய்ச் சிரட்டை எதையும் வெளியே வீசாதீங்க. ராத்திரி காட்டுமாடு ஊருக்குள்ளயே நடமாடும், பழத்தோல் வாசத்துக்கு அறை வாசல்ல வந்து நிக்கும். மூடி போட்ட தொட்டியில போடுங்க, இல்லன்னா தங்குற இடத்துக்காரர்கிட்டயே கொடுத்திருங்க.

பழநி வழியா இறங்குறீங்கள்ல, ஆயக்குடி கொய்யா அந்தப் பக்கம்தான். ரோட்டுலயே கூடையில வச்சிருப்பாங்க. வீட்டுக்கு எடுத்துப் போறதுன்னா செங்காய், பஸ்லயே திங்கறதுன்னா பழம். சமவெளிச் சூட்டுல ரெண்டே நாள்ல குழைஞ்சிரும், மலைமேல நின்ன மாதிரி நிக்காது.

வேம்பு (கேட்டவர்)

பி12 எடுக்கிறோம். அம்மாவுக்குத் தங்குமிடத்திலேயே மூன்று வேளைக்கும் சொல்லிவிட்டேன். பழநியில் பஞ்சாமிர்தம் கணக்கில் சேருமா?

பதில்: குடுமித்தேங்காய்

விருப்பாச்சிப் பழத்தைப் பிசைந்து நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் சேர்ப்பது. கலவை அடுப்பேறுவதில்லை. சர்க்கரையும் நெய்யும் ஏற்கெனவே ஏறி இறங்கியவை. உங்கள் வட்டத்துக்காரர்களிடம் கேட்காமல் சாப்பிடுங்கள். டப்பாவை மட்டும் அம்மா கைக்கு எட்டாமல் வையுங்கள்.